தோடம்பழத்தைக் கையில் கொடுத்த மிஸ்ஸுக்கு

பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த இரவைப் பற்றித் தோட்டமே அறியும். திரும்ப எழுத மனம் வரவில்லை. கும்பிட வேண்டிய கைகள் நிறைய. முதலில், ஊசி போடப் பழக்க கிளினிக்கில் எங்கள் கையில் ஒரு தோடம்பழத்தைக் கொடுத்த நர்ஸ் மிஸ்ஸுக்கு.

எங்கள் பிள்ளையைப் போல, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்யாத பிள்ளைகளுக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசைதான் உயிர். காய்ச்சல் வந்தால் மற்றப் பிள்ளைகளின் உடம்பு தானாகவே கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் கூட்டிக்கொள்ளும். இவர்களுக்கு நாம்தான் குளிசையைக் கூட்ட வேண்டும். 38 பாகையைத் தாண்டினால் இரண்டு மடங்கு, 39ஐத் தாண்டினால் மூன்று மடங்கு என்று டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்திருந்தார். உடம்பில் உப்பைக் காக்கும் மற்றக் குளிசை, ஃப்ளூட்ரோகோர்ட்டிசோனை மாற்றக் கூடாது. ஆனால் வாந்தி தொடங்கினால் குளிசை வயிற்றில் தங்காது. சீனி இறங்கும், பிரஷர் விழும், பிள்ளை குளிர்ந்து சோர்ந்துபோகும். அப்போது ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசிதான். ஹட்டனுக்கு மேலே மலையில் இருந்துகொண்டு, பேராதனை ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

மிஸ்ஸுக்குச் சிங்களம்தான் வீட்டு மொழி. காலாவதியான மருந்துக் குப்பிகளை எறியாமல், நாங்கள் பழகுவதற்காகவே எடுத்துவைத்திருந்தார். 100 மில்லிகிராம் தூளுக்கு 2 மில்லிலீட்டர் ஊசித் தண்ணீர். விட்டதும் மெதுவாக உருட்டி, தெளியும்வரை பொறுக்க வேண்டும். எங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கு 50 மில்லிகிராம், அதாவது சரியாக 1 மில்லிலீட்டர். முதல் தரம் எல்லோருடைய சிரிஞ்சிலும் காற்றுதான் ஏறியது, ஊசிமுனை தண்ணீருக்கு மேலே நின்றதால். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, முனையை மருந்துக்குள்ளேயே வைத்து இழுக்கப் பழக்கினார். பிறகு தோடம்பழத்தில் நேராகக் குத்தி, அழுத்தி, எடுக்கச் செய்தார். பிள்ளைக்கென்றால் தொடையின் வெளிப்பக்கம், நடுவில். கை நடுக்கம் நிற்கும்வரை திரும்பத் திரும்ப. "கூடினா பயம் இல்லை, போடாட்டிதான் பயம்" என்று தமிழில் சொன்னார். உண்மைதான், ஒரு தரம் கூடுதலாகப் போனால் பிள்ளைக்குக் கேடில்லை. மருந்துப் பெட்டியின் மேல் தமிழில் "1 மி.லி., தொடை" என்று எழுதி ஒட்டியதும் அவர்தான், எழுத்தை எங்களிடம் கேட்டுக் கேட்டு. அன்றிரவு டோர்ச் வெளிச்சத்தில் நாங்கள் வாசித்தது அந்தத் துண்டைத்தான்.

ஊசி போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். மழையில் மேலே ஏறிவந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பிள்ளைகள், றோட்டுவரை பிள்ளையைத் தூக்கி வந்த பக்கத்து லயத்து அண்ணன்மார், சேலைனும் குளுக்கோஸும் ஏற்றி விடியும்வரை பக்கத்திலேயே நின்ற வாட்டு டொக்டர்மார், எல்லோருக்கும் நன்றி. அட்ரினல் ஹோர்மோன்களை ஆராய்ந்து 1950இல் நோபல் பரிசு பெற்ற கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் இந்த மலையிலிருந்து ஒரு கும்பிடு. அவர்கள் பட்ட பாட்டில்தான் இந்தத் தூள் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது.

இனி மாதம் பிறந்தால் முதல் வேலை, குப்பியின் திகதியைப் பார்ப்பது. புதிதாக வரும் தாய்மாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்களும் பழக்குவோம். அடுத்த கிளினிக்குக்குத் தோடம்பழம் நாங்கள் கொண்டுவருகிறோம், மிஸ்.