பேராண்டியைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ பேசியதைவிட அழுததுதான் அதிகம். இதை ராத்திரி அவன் தூங்கின பிறகு நிதானமாகப் படி.

பேரனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சரி. நீ வேலைக்குப் போனதும் கையில் செல்போன் கொடுத்ததும்தான் காரணம் என்று உன் மாமியார் சொன்னாராமே. தாய் தலையில் பழியைக் கட்டுவது அவரோடு ஆரம்பித்த வழக்கம் இல்லை. அமெரிக்காவில் படித்த டாக்டர்களே ஒரு காலத்தில், பாசம் காட்டாத அம்மாவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவருடைய மகனுக்கே ஆட்டிசம், 1964-இல் அந்தக் கதையை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். மூளை வளரும் விதமே வேறு, இதில் மரபணுவின் பங்கு பெரியது என்று இன்றைக்குத் தெளிவாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் புரளி கிளப்பிய கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடாதே. மாமியாரிடம் நீ மல்லுக்கு நிற்க வேண்டாம், மாப்பிள்ளையே பேசட்டும். அவர் அம்மா, அவர் பாடு.

உன் அத்தை வேறு ஒரு பக்கம். விஷயம் தெரிந்ததும், “இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லாம் கணக்கில் புலியாம்” என்று ஆறுதல் சொன்னாள். நல்ல மனசுதான். ஆனால் மூன்றரை வயதுப் பையன் புலியாக வேண்டிய அவசியம் என்ன? சிலருக்கு அப்படி ஒரு திறமை இருக்கும், பலருக்கு இருக்காது. ஒன்றுமே தெரியாதவன் என்பதும், மேதை என்பதும் அவனைப் பார்க்காமலே சொல்வது.

ஆடி மாதம் நீங்கள் வந்திருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா, தெரியவில்லை. நீயும் அம்மாவும் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போயிருந்தீர்கள். இவன் கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதே இழுவை, அதே பெண் குரல். அத்தை சிரித்து, “ரேடியோ ஆன் ஆயிடுச்சு” என்றாள். நான் அவன் கையைப் பார்த்தேன். ஒரு கையில் அவனுடைய நீலச் செருப்பு, இன்னொரு கையில் என்னுடைய செருப்பு ஒற்றை. கொருக்குப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கும்மிடிப்பூண்டி வண்டி ஒன்று போகும்வரை நின்று பார்த்தான். அப்புறம் அவனே திரும்பி வீட்டுப் பக்கம் இழுத்தான்.

“வெளியே போகலாம் தாத்தா” என்று அவன் சொன்னது அது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். பல பிள்ளைகளுக்குப் பேச்சு அந்த வழியாகத்தான் வருகிறதாம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் இதைக் கட்டாயம் சொல். எந்த வாக்கியத்தை எந்த நேரத்தில் சொல்கிறான் என்று ஒரு நோட்டில் எழுதி வை. வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்க அவனைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்று ஒரு சமூகவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒன்று எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரிவதில்லை என்கிறோமே, நமக்கும்தான் அவர்களைப் புரிவதில்லை. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் குறை என்று பெயர் என்பது அவர் கேள்வி. செருப்பைப் பார்த்த எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

நம் தெருவில் சாவு ஊர்வலம் போன அன்றைக்கு மேளமும் வெடியும் கேட்டு அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தினானே, அது அடம் இல்லை. நமக்குச் சத்தம், அவனுக்கு வலி. சத்தம், வெளிச்சம், தொடுதல் இதெல்லாம் அவர்களுக்கு வேறு மாதிரி உறைக்கும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளமாகச் சேர்த்ததே 2013-இல்தான். அப்படியிருக்க, அதை அடம் என்று நினைத்த எதிர்வீட்டுக்காரருக்கு இது தெரியவில்லையே என்று கோபப்பட்டு என்ன செய்ய.

மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியது போல் ஆகிவிடும் என்று மாப்பிள்ளை தயங்குகிறார் என்றாய். அட்டை எடுக்காவிட்டாலும் ஊர் பேசும். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, அதில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ‘நிராமயா’ என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் வரும். தெரபிக்கு அங்கே என்ன வாங்குகிறார்கள் என்று நீ சொன்னாயே, அதற்கு இது தேவைப்படும். மூன்று மாதத்தில் முழுக்கக் குணமாக்குகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடு.

பொங்கலுக்கு வாருங்கள். ஆனால் போகி அன்று வேண்டாம், விடியற்காலையிலேயே தெருப் பிள்ளைகள் மேளம் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள், புகை வேறு. அன்று ராத்திரி வண்டி ஏறினால் பொங்கல் காலையில் வந்துவிடலாம். பெரம்பூரில் நிற்கும் வண்டியாகப் பார்த்து எடு, சென்ட்ரல் கூட்டம் அவனுக்கு ஆகாது. டிக்கெட் போட்டதும் பெட்டி நம்பரை அனுப்பு, பிளாட்பாரத்துக்கே வந்துவிடுகிறேன்.

அப்பா