கலிலேயாவில் ஞானிகளின் கல்லறைகள்

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நான் இன்னும் ஹைஃபாவில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் யூத யாத்திரிகர்களோடு பஸ்ஸில் இஸ்ரேலின் வடக்கேயுள்ள கலிலேயா மலைகளைச் சுற்றி வந்தேன். அவர்களுடைய ஞானிகளின் கல்லறைகளுக்குப் போகும் யாத்திரை அது.

கல்லறையையா வணங்குகிறார்கள் என்று நீ கேட்பாய். வேண்டுதல் கடவுளிடம்தான், அந்த நீதிமானின் புண்ணியத்தை முன்னிட்டுக் கேட்கிறார்கள். பூ வைக்கும் வழக்கமில்லை, ஒரு சிறு கல்லை வைக்கிறார்கள். வெளியே வந்ததும் கை கழுவுகிறார்கள்.

திபேரியாவில்தான் என் மனம் தங்கிவிட்டது. அங்கே யூத அறிஞர் மைமோனிடிஸின் கல்லறை இருக்கிறது. ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து, எகிப்தில் அரண்மனை மருத்துவராக இருந்து, 1204இல் அங்கேயே இறந்தவர். உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்ததாக மரபு. யூதச் சட்டம் முழுவதையும் 14 நூல்களாகத் தொகுத்தவர் அவர். நீதிமான்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டாம், அவர்கள் சொன்ன சொற்களே அவர்களுக்கு நினைவு என்று அந்தத் தொகுப்பிலேயே எழுதியிருக்கிறார். அப்படியானால் இத்தனை பேர் இங்கே வருவது அவர் சொல்லுக்கு மாறானதா? அங்கே நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தவர்களில் பலர் ஒரு நூலைத் திறந்துவைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்கள். ஒரு முதியவர் பேரனுக்கு வரி வரியாக விளக்கிக்கொண்டிருந்தார். கல்லறை அவர்களை மறுபடியும் சொல்லிடமே கொண்டுசேர்க்கிறது.

அதே வளாகத்தில் முதல் நூற்றாண்டு யூத அறிஞர் யோகனான் பென் சக்காயின் கல்லறையும் இருக்கிறது. ரோமானியர் எருசலேமை முற்றுகையிட்டபோது, சீடர்கள் அவரைப் பிணம்போலப் பெட்டியில் கிடத்தி நகரத்துக்கு வெளியே கடத்தினார்களாம். ரோமானியத் தளபதி வெஸ்பாசியனிடம் தனக்குத் தரும்படி அவர் கேட்டது யாவ்னே என்ற சிற்றூரையும் அதன் அறிஞர்களையும். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் எரிந்தது. படிப்பு யாவ்னேயில் பிழைத்தது. இதைவிடப் பெரிய வேண்டுதலை நான் கேள்விப்பட்டதில்லை.

ஊருக்கு மேலே மலைச்சரிவில் யூத மத ஆசான் ரபி அகிவாவின் கல்லறை. நாற்பது வயதுவரை எழுத்தறியாதவர். சொட்டு நீர் குடைந்த கல்லைப் பார்த்துப் படிக்கத் துணிந்தார் என்பது கதை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று உன் பாட்டி சொல்வாரே, அது நினைவுக்கு வந்தது.

மெரோனில் கூட்டம் அதிகம். அங்கே ஷிமோன் பார் யோகாய் அடக்கமாகியிருக்கிறார். ரோமானியருக்குத் தப்பி மகனோடு 13 ஆண்டுகள் குகையில் வாழ்ந்தவர் என்று யூத ஞானிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. மூன்று வயதுச் சிறுவர்களுக்கு முதல் முடி இறக்க இங்கே அழைத்துவருகிறார்கள். அவரை நினைவுகூரும் லாக் பாஓமெர் திருநாளில் இரவெல்லாம் தீ வளர்த்து ஆடிப் பாடுவார்கள். 2021இல் அதே திருநாளில் ஒரு குறுகிய சரிவுப் பாதையில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். பக்தி பெருகும் இடத்தில் வழி அகலமாக இருக்க வேண்டியது நிர்வாகத்தின் முதல் கடமை. எந்த நாட்டுத் திருவிழாவானாலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சஃபேத்தில் யூத மறைஞானி ஐசக் லூரியாவின் கல்லறைக்கு நீலம் பூசியிருக்கிறார்கள். அந்த ஊரில் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள் கற்பித்து, 1572இல் 38 வயதில் கொள்ளைநோயில் போய்விட்டார். அவரே கைப்பட எழுதியது மிகக் குறைவு. சீடர் ஹயிம் விட்டால் எழுதிவைத்ததால் அவர் போதனை நமக்குத் தெரிகிறது. கலிலேயாவில் பல கல்லறைகளை இன்னாருடையது என்று அடையாளம் சொன்னவரும் லூரியாதான். வரலாற்று ஆதாரம் கேட்பவர்களுக்கு அது போதாது. நம்பி வருபவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

கடைசியாக, பள்ளத்தாக்கில் இறங்கி அமூக்கா போனோம். பழங்கால யூத அறிஞர் யோனத்தான் பென் உசியேலின் கல்லறை இருக்கும் இடம். வரன் வேண்டுபவர்கள் வருவது இங்கேதான். உன் மகளின் பெயரைச் சொல்லி நானும் வேண்டிக்கொண்டேன். அவளிடம் சொல்லாதே, கோபித்துக்கொள்வாள்.

யோகனான், அகிவா ஆகியோரின் மொழிகள் அடங்கிய ‘பிர்கே அவோத்’ என்ற யூத அறமொழித் தொகுப்பை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாங்கியிருக்கிறேன். ஆனியில் ஊருக்கு வரும்போது உனக்குக் கொண்டுவருகிறேன். அதுவரை நடைப்பயிற்சியை விட்டுவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் தோழி