வீடியோ ரிவியூ நடக்கும்போது விளம்பரம் ஓட்டியது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் சந்தாதாரர் ஒருவர், பென்டில் ஹில், மேற்குச் சிட்னி
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர், விளையாட்டு ஒளிபரப்புப் பிரிவு
பொருள்: ரக்பி லீக் ஆட்டங்களில் பங்கர் (வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் நடுவர் அறை) ரிவியூவைக் காட்டாமல் விடுவது

வணக்கம்.

இதை ஏற்கெனவே ஆங்கிலத்தில் உங்கள் ஆப் வழியாக எழுதிவிட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது, கூடவே ரவுட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்கும்படி ஓர் ஆலோசனை. என் ரவுட்டருக்கு ஒன்றுமில்லை. அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கவாவது உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஆட்டம். நான் பரமட்டா ஈல்ஸ் ஆள், அதாவது 1986க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அணியின் ஆள், ஆகவே ஏமாற்றம் எனக்குப் புதிதில்லை. நான்கு புள்ளி பின்தங்கி இருக்கிறோம், கடைசிப் பத்து நிமிடம், வலது மூலையில் எங்கள் விங்கர் பாய்ந்து பந்தைத் தரையில் வைக்கிறார், ரெஃப்ரீ ட்ரை, அதாவது எங்களுக்கு நான்கு புள்ளி, என்று கையைக் காட்டுகிறார், வீட்டில் எல்லோரும் எழுந்து கத்துகிறோம், அதே விநாடி திரையில் ஒரு பிக்கப் வண்டி மலைப்பாதையில் ஏறுகிறது. அப்புறம் காப்புறுதி விளம்பரம். அப்புறம் பந்தயக் கம்பெனி. திரும்பி வந்தால் ஸ்கோரில் நான்கு புள்ளியைக் காணோம், எதிரணி பெனால்டி உதைத்துக்கொண்டிருக்கிறது, வர்ணனையாளர் வேறு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. "அப்ஸ்ட்ரக்ஷனாம்", அதாவது பந்து இல்லாத எங்கள் ஆள் எதிரணித் தடுப்பவரை மறித்துவிட்டாராம், என்று மைதானத்தில் இருந்த என் மச்சான் போனில் சொல்லித்தான் தெரிந்தது. காசு கட்டிப் பார்க்கிற எனக்கு, ஆட்டத்தின் மிகப் பெரிய முடிவு வாட்ஸ்அப்பில் வருகிறது.

சந்தா கட்டும்போது நீங்கள் தந்த வாக்குறுதி "ஆட்டம் நடக்கும்போது விளம்பரம் கிடையாது" என்பது. அதைத்தான் உங்கள் சாட் பிரிவில் கேட்டேன். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பதில் சொன்னார், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் சொன்ன பதிலைப் பாருங்கள்: ட்ரை விழுந்த பிறகு கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்கான உதை) உதைக்கும் வரை உள்ள நேரம் "ஆட்டத்தின் இடைவேளை", ஆகவே விளம்பரம் போடுவது விதிக்கு உட்பட்டதுதானாம்.

இடைவேளையா? ஐயா, இப்போதெல்லாம் ஆட்டமே அந்த நேரத்தில்தான் நடக்கிறது. 2021இல் விதியை மாற்றினார்களே, ரெஃப்ரீ ட்ரை என்று மைதானத்திலேயே கொடுத்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவைக்காமல், உதைப்பவர் பந்தை நிறுத்தி அளவு பார்க்கிற நேரத்தில் பங்கர் அந்த ட்ரையைச் சரிபார்க்கும் என்று. நல்ல மாற்றம்தான், நேரம் மிச்சம். ஆனால் அதன் அர்த்தம் என்ன? ட்ரை உண்டா இல்லையா என்பது முடிவாவது சரியாக நீங்கள் பிக்கப் வண்டி காட்டுகிற அந்த ஒன்றரை நிமிடத்தில். விதி மாறியது, உங்கள் விளம்பர அட்டவணை மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016இல் சிட்னியின் எவ்லியில் அந்த பங்கரைத் திறந்தபோது, வரிசையாகத் திரைகளும் அதன் முன்னால் ஆட்களும் உட்கார்ந்திருப்பதை எல்லாத் தொலைக்காட்சியும் காட்டின. இனிமேல் சந்தேகத்துக்கு இடமில்லை, எல்லாக் கோணமும் அவர்கள் கையில், ரசிகர்களுக்கும் எல்லாம் வெளிச்சம் என்றார்கள். சந்தேகம் குறையவில்லை, அது மைதானத்திலிருந்து அந்த அறைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். முன்பு ரெஃப்ரீயைத் திட்டினோம், இப்போது முகம் தெரியாத ஓர் அறையைத் திட்டுகிறோம்.

தவறு நடப்பதே கூடாது என்று நான் கேட்கவில்லை. நடுவர்கள் மனிதர்கள், பதின்மூன்று பேரும் பதின்மூன்று பேரும் மோதுகிற இடத்தில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டே முடிவு சொல்ல வேண்டும், அதுவும் 2020இல் இரண்டு ரெஃப்ரீயை ஒன்றாகக் குறைத்த பிறகு. 2019 இறுதிப் போட்டி நினைவிருக்கும். ரூஸ்டர்ஸ், கான்பரா, 8–8, எட்டு நிமிடம்போல மிச்சம், கான்பராவிடம் பந்து, ரெஃப்ரீ கையைச் சுழற்றி 'சிக்ஸ் அகெய்ன்' (பந்து வைத்திருக்கும் அணிக்கு மறுபடியும் ஆறு டேக்கிள் வாய்ப்பு) காட்டுகிறார், பிறகு மற்ற நடுவர்கள் சொல்லி மாற்றுகிறார், அந்த மாற்றத்தைக் கவனிக்காத கான்பராவின் ஜாக் வைட்டன் இன்னும் டேக்கிள் இருக்கிறது என்று பந்தோடு போய் மாட்டுகிறார். பந்து கைமாறுகிறது, ரூஸ்டர்ஸ் அப்படியே மறுமுனைக்குப் போய் டெடெஸ்கோ ட்ரை போடுகிறார், 14–8. கடைசியில் எடுத்த முடிவு சரியானதுதான் என்று லீக் நிர்வாகம் விளக்கம் சொன்னது. இருக்கட்டும். ஆனால் அன்று முதலில் காட்டிய கையையும், மாற்றியதையும், வைட்டன் குழம்பியதையும் உலகமே கண்ணால் பார்த்தது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அதைப் பற்றி நியாயமாகச் சண்டை போட முடிகிறது. அன்று அந்த நிமிடத்தில் விளம்பரம் ஓடியிருந்தால்?

2022 ஜூலையில் டவுன்ஸ்வில்லில் நடந்தது இன்னும் மோசம். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 26–25 என்று முன்னிலை, கடிகாரத்தில் ஒரே ஒரு விநாடி. கவ்பாய்ஸ் உதைக்கிறார்கள், ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது கேப்டன்ஸ் சேலஞ்ச் (நடுவர் முடிவை பங்கர் பார்க்கும்படி கேப்டன் கேட்பது) கேட்கிறார்கள். பந்தைத் துரத்தி ஓடியவரை டைகர்ஸ் வீரர் மறித்தார் என்று பங்கர் பெனால்டி கொடுக்கிறது, வாலன்டைன் ஹோம்ஸ் உதைக்கிறார், 27–26. அப்புறம் நிர்வாகமே வந்து அந்தப் பெனால்டி கொடுத்திருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டது. டைகர்ஸ் சட்ட நடவடிக்கை வரை பேசிப் பார்த்தார்கள், புள்ளி திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை மன்னிப்பால் சனி ஞாயிறு ஸ்கோர் மாறாது என்பது ரக்பி லீக் ரசிகனுக்கு மனப்பாடம்.

இந்த இரண்டும் உங்கள் குற்றம் இல்லை, தெரியும். விசிலை நீங்கள் ஊதவில்லை. நான் சொல்ல வருவது, முடிவு தப்பாகவே இருந்தாலும் அது எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்க முடிந்தால் கோபத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். பார்க்கவே விடாவிட்டால் சந்தேகம்தான் மிஞ்சும். பந்தயக் கம்பெனியின் விளம்பரம் முடிந்து வந்து பார்த்தால் ஸ்கோர் குறைந்திருக்கிறது, இதைப் பார்க்கிற ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றும் என்று உங்கள் கூட்டத்தில் யாருமே யோசிக்கவில்லையா?

எங்கள் வீட்டில் இரண்டு விளையாட்டும் ஓடும். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் போனால் மூன்றாம் நடுவர் பேசுவது முழுவதும் கேட்கும். முதலில் நோ-பால் பார், அடுத்து மட்டையில் பட்டதா பார், பிறகு பந்து எங்கே விழுந்தது, ஸ்டம்பில் படுமா. என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவருக்கே அந்த வரிசை அத்துப்படி, நடுவருக்கு முன்னால் 'அம்பயர்ஸ் கால்' என்று சொல்லிவிடுவார். பங்கரிலும் ஆள் பேசுகிறார். எந்தக் கோணம் வேண்டும், எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறார். ஆனால் உங்கள் வர்ணனையாளர்கள் மூன்று பேரும் அதன் மேலேயே பேசுகிறார்கள். "எனக்கென்னவோ ட்ரைதான்", "இல்லை மச்சி, பார் பார்", "ஆஹா, அந்தக் கை". மூன்று பேரும் முன்னாள் ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு அபிப்பிராயம் இருக்கும்தான், முடிவு வந்த பிறகு சொல்லட்டும். பங்கர் பேசுகிற அரை நிமிடம் வாயை மூடிக்கொள்ள முடியாத மூன்று பேருக்காக நான் சந்தா கட்டவில்லை.

முக்கியமாக அப்ஸ்ட்ரக்ஷன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பங்கரின் குரல் கேட்காவிட்டால் ஒன்றும் புரியாது. டிகாய் ஓட்டக்காரர் (பந்து வாங்குவதுபோல் ஏமாற்றி ஓடுபவர்) தடுப்பவரின் உட்பக்கத் தோளில் மோதினாரா வெளிப்பக்கத் தோளிலா, மோதிய பிறகு வரிசையைத் தாண்டிப் போனாரா அங்கேயே நின்றாரா, பந்தை வாங்கியவர் அவருக்குப் பின்னால் ஓடினாரா, அந்தத் தடுப்பவர் எப்படியும் வந்து பிடித்திருப்பாரா, இவ்வளவையும் வைத்துத்தான் முடிவு. ஒரு வாரம் ட்ரை, அடுத்த வாரம் அச்சு அசலாக அதே அசைவு நோ ட்ரை. பயிற்சியாளர்களே வாரா வாரம் செய்தியாளர் கூட்டத்தில் தலையைப் பிய்த்துக்கொள்கிற விதி இது. வீட்டில் பார்ப்பவனுக்குக் காரணம் சொல்லும் ஒரே குரலையும் அமுக்கிவிட்டால் அவன் என்ன செய்வான், ரிமோட்டை எறிவான்.

சரி, காட்டும்போதாவது ஒழுங்காகக் காட்டுகிறீர்களா என்றால் அதிலும் ஒரு விஷமம். ஃபார்வர்ட் பாஸை (பந்தை முன்னோக்கி எறிவது, அது தப்பு) பங்கர் பார்க்கவே முடியாது, அது மைதான நடுவர்களின் வேலை. ஓடிக்கொண்டே எறிகிற பந்து கையிலிருந்து பின்னோக்கிக் கிளம்பினாலும் ஓட்ட வேகத்தில் தரைக் கோட்டைத் தாண்டி முன்னால் போய்த்தான் விழும், கேமராவும் பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் எது முன், எது பின் என்றே தெரியாது, அதனால்தான் அந்த விதி. இது தெரிந்துகொண்டே ட்ரை விழுந்ததும் அந்தப் பாஸை மெதுவாக, திரும்பத் திரும்ப ஓட்டி, மேலே ஒரு மஞ்சள் கோடும் போட்டுக் காட்டுகிறீர்கள். பங்கருக்கு அதிகாரம் இல்லாத விஷயத்தில் எங்களை உசுப்பிவிட்டு, அதிகாரம் உள்ள விஷயத்தைக் காட்டும் நேரத்தில் விளம்பரத்துக்கு ஓடிவிடுகிறீர்கள்.

உங்கள் ஆப்பின் நோட்டிபிகேஷன் வேறு. பங்கர் பார்த்து முடிக்கும் முன்பே "ட்ரை!" என்று போன் துள்ளுகிறது. ரத்தானால் அதைச் சொல்ல எதுவும் வராது. வேலைக்குப் போய் ரயிலில் வருபவர் வீடு வந்து சேரும் வரை ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பார், பாவம். மறுநாள் போடுகிற சுருக்கப் பதிப்பிலோ ரிவியூவே கிடையாது. ட்ரை விழும், வெட்டு, எதிரணி பெனால்டி உதைக்கும். 2024 இறுதிப் போட்டியில் மெல்பர்னின் ஜாக் ஹோவர்த் பந்தைக் கோட்டில் வைத்தாரா இல்லையா என்று இன்றும் சண்டை போடுகிறோம். மைதானத்தில் நோ ட்ரை, பங்கர் அதை மாற்றவில்லை, பென்ரித் 14–6. அந்த ஆட்டத்தின் சுருக்கத்தில் அந்த இடத்தை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

இங்கிலாந்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சூப்பர் லீக்கில் வீடியோ ரெஃப்ரீ 1996இலேயே வந்துவிட்டது, ஆனால் தொலைக்காட்சியில் வரும் ஆட்டத்துக்கு மட்டும். 2024இல்தான் எல்லா ஆட்டத்துக்கும் வந்தது. அது வரை கேமரா போன ஆட்டத்துக்கு ஒரு நீதி, போகாத ஆட்டத்துக்கு ஒரு நீதி. எங்களுக்கு எல்லா ஆட்டத்திலும் கேமரா இருக்கிறது, ரிவியூ இருக்கிறது, பேசுகிற குரல் இருக்கிறது. அது வீட்டுக்கு வந்து சேராமல் தடுப்பது நீங்கள் மட்டும்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பங்கர் ஒரு ட்ரையைப் பார்த்து முடிக்கும் வரை விளம்பரத்துக்குப் போகாதீர்கள், காசு வேண்டுமென்றால் ஆட்டத்தின் பாதி நேரத்தில் இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், அப்போது நாங்கள் தேநீர் போடப் போய்விடுவோம். வர்ணனை இல்லாமல் நடுவர்கள் குரல் மட்டும் கேட்கிற ஒலித்தடம் ஒன்றை ஆப்பில் வையுங்கள். சுருக்கப் பதிப்பில் ரிவியூவை வெட்டாதீர்கள், ட்ரை ரத்தானால் அதற்கும் ஒரு நோட்டிபிகேஷன் அனுப்புங்கள். அந்த மாதச் சந்தாவையும் திருப்பிக் கொடுங்கள். சொன்ன சேவையும் கொடுத்த சேவையும் ஒத்துப்போக வேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் சொல்கிறது. "ஆட்டம் நடக்கும்போது விளம்பரம் இல்லை" என்ற வரியைப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன், சாட்டில் உங்கள் ஆள் தந்த விளக்கத்தையும்.

ரிவியூ நேரம் உங்கள் கணக்கில் ஆட்ட நேரமா, இல்லையா? ஒரு வரியில் எழுத்தில் பதில் வேண்டும். இல்லை என்றால் அதை விளம்பரத்திலேயே போடுங்கள், காசு கட்டுபவர் தெரிந்து கட்டட்டும். பதினான்கு நாளுக்குள் ஒரு மனிதரிடமிருந்து பதில் வராவிட்டால் இதே கடிதம் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் ட்ரேடிங்குக்கு (மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறை) ஆங்கிலத்தில் போகும், மொழிபெயர்க்க என் மகள் இப்போதே தயாராக இருக்கிறாள், அவளும் ஈல்ஸ் ஆள்தான்.

இப்படிக்கு,
பணம் ஒழுங்காகக் கட்டிவரும் ஒரு சந்தாதாரர்

பி.கு.: தயவு செய்து ரவுட்டர் பற்றி எழுத வேண்டாம்.