லூப் ரோடு மீன்கடைகள்: குப்பத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையோர லூப் ரோடு பற்றிச் செய்தி வந்தாலே மீன்கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றுதான் முதல் வரி இருக்கிறது. அந்த ரோடு இத்தனை அகலமாவதற்கு முன்பே அந்தக் கரையில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்தவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் எங்கள் சீனிவாசபுரம் குப்பத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிழக்கே கடல், தெற்கே அடையாறு முகத்துவாரம். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டில் எறிந்துவிட்டு முகத்துவாரத்துக்கு ஓடுவோம். 1967-ல் கட்டி 1977-ல் உடைந்துபோன பாலம் எதிரே நிற்கும். மடவை மீன் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறும், ஆனால் அது தூண்டிலுக்கு லேசில் அகப்படாது, வீச்சுவலை வேண்டும், அது பெரியவர்கள் கையில்தான் இருக்கும். எங்களுக்கு நைலான் நரம்பும் ஒரு முள்ளும்தான். இறால் தலையைக் கோத்துப் போட்டால் கெளுத்தியும் கீச்சானும் கிடைக்கும், கெளுத்தி முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கை கடுக்கும், ஆனாலும் மறுநாள் அங்கேதான் நிற்போம். மணல் மூடி முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் மடவை வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டு கடலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆற்றில் மீன் என்று நைனா சொல்வார்.

காலை நேரம் என் பாட்டி, ஆயாவோடு போகும். விடிவதற்கு முன்னே கடலுக்குப் போன கட்டுமரங்கள் வெயில் ஏறும்போது கரைக்குத் திரும்பும், அலையில் மோதி வரும் கட்டுமரத்தை மணலில் ஏற்றியதும் அங்கேயே ஏலம். சங்கரா, கிழங்கான், காரப்பொடி, நெத்திலி, என்றைக்காவது வஞ்சிரம். ஏலத்தில் எடுத்த மீனை நாலு எட்டு தள்ளி விரித்த சாக்கில் குவித்துவிடுவார்கள், வாங்க வருகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், எந்த மரத்தில் வந்தது என்று கேட்கலாம், அந்த மரமும் கண்முன்னே கிடக்கும். ஐஸே தேவைப்படாது. கரையில் விற்காததைக் கூடையில் வைத்துத் தலைச்சுமையாக மந்தைவெளி, ராயப்பேட்டை என்று தெருத்தெருவாக நடப்பார் ஆயா, கூடையோடு பஸ்ஸில் ஏறவிடமாட்டார்கள் என்பதால் போக வர நடைதான். மீதி உப்புப் போட்டுக் கருவாடு. கரைவலை இழுக்கும்போது கூடக் கயிறு பிடித்த பிள்ளைகளுக்கும் ஒரு கை நெத்திலி உண்டு. மீன்பாடு இல்லாத நாளில் மரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டிலும் கூலிக்குப் போனவர் வீட்டிலும் ஒரே மாதிரி வெறும் ரசம்தான்.

இந்தக் கரையிலிருந்து எங்களைத் தள்ளிவைக்கும் முயற்சி புதிதல்ல. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் பார்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. 2023 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவின்பேரில் கடைகளை எடுக்க வந்தபோது பெண்கள் மீனை ரோட்டிலேயே கொட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு புதிய சந்தை திறந்தது. கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கழிவுநீர் போக வழி இருக்கிறது. ஆயா காலத்தில் இது இருந்திருந்தால் அவர் முதுகு அப்படிக் கூனியிருக்காது, இதை நான் மனசார வரவேற்கிறேன்.

ஆனால் சந்தை கட்டியாச்சு, இனி மணல் எதற்கு என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. மரம் ஃபைபர் படகாகிவிட்டாலும் அது ஏறி நிற்க மணல் வேண்டும், வலையை விரித்துப் பொத்தல் பார்க்க இடம் வேண்டும், கருவாடு காய வெயில் படும் தரை வேண்டும். இந்த மூன்றும் போனால் அந்த 366 கடைகளிலும் வெளியூர் ஐஸ் மீன்தான் கிடைக்கும். சீனிவாசபுரத்துப் பெண்களுக்கு அந்தச் சந்தை தள்ளித்தான் இருக்கிறது, தங்கள் படகு கரையேறும் இடத்தில் காலையில் இரண்டு மணி நேரம் விற்க அவர்களை விட வேண்டும் என்பதும் என் கருத்து.

2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களையும் அவர்களுடைய பொதுப் பயன்பாட்டு இடங்களையும் மீன் உலர்த்தும் மேடைகளையும் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, நொச்சிக்குப்பத்திலிருந்து முகத்துவாரம் வரை ஒவ்வொரு குப்பத்துக்கும் அந்த வரைபடத்தில் எவ்வளவு இடம் காட்டியிருக்கிறது, தரையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் ஏலத்தையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சீனிவாசபுரம், சென்னை