இரும்புச் சூரியன் புதிய கொள்கை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியனின் மையத்தில் என்ன இருக்கிறது என்று சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் (வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்த்தியான எச்சம்), அதைச் சுற்றிப் பெரும்பாலும் இரும்பு, ஹைட்ரஜன் மேலே படிந்த உறை மட்டும்தான் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆலிவர் மேனுவலின் கொள்கையை விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். இத்தகைய கொள்கைகளுக்கு இடம் தருவது நல்லதுதான். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்த கதை கட்டுரையில் இல்லை. "விஞ்ஞானிகள் காது கொடுக்கவில்லை" என்று அது முடிவதுதான் என்னை எழுத வைத்தது.

காது கொடுத்தார்கள். தெற்கு டகோட்டாவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், உலர் சலவைக்குப் பயன்படும் திரவம் நிரம்பிய பெரிய தொட்டியை வைத்து, அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் டேவிஸ் 1960களின் இறுதியிலிருந்து சூரிய நியூட்ரினோக்களை எண்ணினார். மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது பிறந்து, எதையும் ஊடுருவி வரும் நுண்துகள்கள் அவை. மையத்தில் பிறக்கும் ஒளி மேற்பரப்புக்கு வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். நியூட்ரினோவோ எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். மையத்தின் இன்றைய நிலவரம் அதற்குத்தான் தெரியும். டேவிஸுக்குக் கிடைத்தது, ஹைட்ரஜன் இணைவை வைத்துக் கணக்கிட்டு எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு எல்லாக் கதவுகளும் திறந்தே இருந்தன. சூரியனுக்குள் சின்னக் கருந்துளை இருக்கலாம் என்று 1971இல் எழுதியவர் ஸ்டீபன் ஹாக்கிங். கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் இருண்ட பொருளின் துகள்கள் மையத்தைக் குளிர்விக்கின்றன என்றும் சிலர் கணக்குப் போட்டார்கள். எல்லாமே முதன்மையான ஆய்விதழ்களில் வந்தவை. சூரியனின் ஆற்றலில் பெரும்பகுதி ஹைட்ரஜன் இணைவால் வருவதல்ல என்ற மேனுவலின் வாதத்துக்கும் இந்தப் பற்றாக்குறை பெரிய துணையாக இருந்தது.

கனடாவில் சட்பரி சுரங்கத்தில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், 1000 டன் கனநீரை (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) வைத்துச் செய்த சோதனை 2001, 2002இல் இதை முடித்து வைத்தது. டேவிஸின் தொட்டிக்கு ஒரே வகை நியூட்ரினோதான் தெரியும். கனநீர் மூன்று வகைகளையும் பிடித்தது. மொத்தத்தைக் கூட்டினால் கணக்கு சரியாக வந்தது. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறியிருந்தன. 2014இல் இத்தாலியின் போரெக்சினோ கருவி, ஹைட்ரஜன் இணைவின் முதல் படியில் பிறக்கும் நியூட்ரினோக்களையே நேரடியாக அளந்தது. அதிலிருந்து கணக்கிட்ட ஆற்றல், நாம் காணும் வெயிலோடு ஒத்துப்போகிறது. நியூட்ரான் விண்மீன் வந்து ஈடுகட்ட வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

இன்னொரு சாட்சி, சூரியனின் அதிர்வுகள். தேங்காயைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி என்று சொல்வதுபோல, அந்த அதிர்வுகளிலிருந்து உள்ளே ஒலி செல்லும் வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இதற்காக உலகெங்கும் உள்ள ஆறு நிலையங்களில் நம் உதய்ப்பூரும் ஒன்று. ஒலியின் வேகம் வெப்பத்தையும் வாயுத் துகள்களின் எடையையும் பொறுத்தது. உள்ளே இரும்பு நிறைந்திருந்தால் அளவு வெகுவாக மாறியிருக்கும். கிடைத்த அளவோ, ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறைந்த சூரியனுக்கான கணக்கிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை.

முதலில் ஏற்கப்படாத உண்மைக்கு வானியலாளர் செசிலியா பெய்னைக் கட்டுரையாளர் உதாரணம் காட்டியதுதான் எனக்கு அதிக வருத்தம். பூமியில் உள்ள பொருள்களே ஏறக்குறைய அதே விகிதத்தில் சூரியனிலும் உள்ளன, இரும்பு ஏராளம் என்பதுதான் அன்றைய பெரியவர்களின் நம்பிக்கை. விண்மீன் ஒளியிலிருந்து அதிலுள்ள தனிமங்களின் அளவைக் கணிக்க உதவும் மேகநாத் சாகாவின் சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, 1925இல் அதை உடைத்தவர் பெய்ன். சூரியனில் ஹைட்ரஜனே மிக அதிகம் என்று அவர் கண்டார். அன்றைய முன்னணி வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஏற்காததால், ஹைட்ரஜனின் அந்த அளவு உண்மையாக இருக்காது என்று பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டில் ரஸ்ஸல் வேறு வழியில் அதே விடையை அடைந்து, பெய்ன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். பெய்ன் வீழ்த்திய இரும்புச் சூரியனைத் திரும்பக் கொண்டுவர அவர் பெயரையே துணைக்கு அழைப்பது நியாயமில்லை.

மாற்றுக் கொள்கைதான் வேண்டும் என்றால் புதிதாகவே இருக்கிறது. நுண்ணிய கருந்துளை ஒன்று சூரியனின் மையத்தில் இருந்தாலும் நமக்குத் தெரியாமலே போகலாம் என்று 2023 டிசம்பரில் வானியற்பியலாளர் ஏர்ல் பெல்லிங்கர் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருந்துளை கொண்ட விண்மீன்கள் முதுமையில் எப்படித் தோன்றும், அவற்றை அதிர்வுகளால் எப்படி அடையாளம் காணலாம் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். தப்பென்று நிரூபிக்க வழி சொல்லும் இப்படிப்பட்ட கொள்கையை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள்.

அடுத்த இதழில் சட்பரி, போரெக்சினோ முடிவுகளை அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளி நூலகங்களுக்கும் உங்கள் இதழ் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.