அந்த 50 மீட்டரை அளந்து காட்டுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கும், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் மகள் படிக்கும் பள்ளியில் விளையாட்டு விழா. மாலையில் பிள்ளைகள் வெளியே வரும் நேரம் பார்த்து, கேட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு வேன் வந்து நின்றது. பாட்டு போட்டார்கள், பலூன் கட்டினார்கள், வருகிற பிள்ளைக்கெல்லாம் ஒரு நொறுக்குத்தீனி பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுக்கக் கூடாதே என்று கேட்டேன். "மேடம், நாங்க ரோட்டுலதானே நிக்கிறோம்" என்றார் அந்தப் பையன். தலைமையாசிரியரிடம் போனேன். "கேட்டுக்கு உள்ளே என்றால் நான் கேட்கலாம், வெளியே எனக்கு என்ன அதிகாரம்?" என்றார். இருவருமே பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதே இருவருக்கும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியும், எழுதியவர்கள் நீங்கள்தான். டெல்லி உயர் நீதிமன்றம் 2015இல் சொல்லி, நீங்கள் 2020இல் அறிவித்த பள்ளி உணவு ஒழுங்குமுறை. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள உணவைப் பள்ளிக் கேன்டீனிலும் விற்கக் கூடாது, பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் செய்யவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த 50 மீட்டர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒரு தாயும் கடைக்காரரும் கண்ணால் பார்க்கும்படி எங்கள் தெருவில் ஒன்றுமே இல்லை.

புகையிலைக்கு இருக்கிறதே! 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 கஜத்துக்குள் விற்பனை கூடாது என்று பள்ளி வாசலில் பலகை மாட்ட வேண்டும். எங்கள் பள்ளியிலும் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுதான் பிள்ளைகள் பாக்கெட்டைக் கிழிக்கிறார்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்: அதன் பக்கத்திலேயே இன்னொரு பலகை வையுங்கள், 50 மீட்டரை அளந்து தரையில் ஒரு கோடு போடுங்கள்.

இதில் இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நாலு மணிப் பசியைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் பள்ளியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. இருபது நிமிடம், அதில் பாதி கை கழுவும் வரிசையிலேயே போய்விடும். நாலே காலுக்குப் பள்ளி விடும்போது அந்தப் பிள்ளைக்கு உண்மையான பசி. அதை நாக்கு ருசி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. முதுகில் பை, கையில் பத்து ரூபாய், வீட்டுக்குப் போகும் பள்ளி வேன் வர இன்னும் கால் மணி நேரம். எதிரே பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாக, சரியாக ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்குகின்றன. பல்லால் கிழித்து, உள்ளதைத் தின்று, கடைசியில் பாக்கெட்டைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டி, அந்த ஆரஞ்சு நிற மசாலாத் தூளை நக்கிச் சாப்பிடுகிறார்கள். அப்புறம் தாகம். அதற்குக் குளிர்பானம். கோலா வகை பானத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் 20 கிராம், அதாவது நாலைந்து தேக்கரண்டி. வீட்டில் பாலில் இவ்வளவு சர்க்கரை போட்டால் என் மாமியாரே என்னைத் திட்டுவார். ஏழு மணிக்கு இட்லி வைத்தால் "வேண்டாம்மா, பசிக்கல" என்கிறாள் என் மகள். எப்படிப் பசிக்கும்?

உடனே வரும் அறிவுரையும் எனக்குத் தெரியும். "வீட்டிலேயே செய்து கொடுத்து அனுப்புங்கள் அம்மா." அனுப்புகிறோம். முந்தின இரவு ஊறப்போட்டு, காலை ஐந்தரைக்கு வேகவைத்துச் சுண்டல் கொடுத்து அனுப்புகிறோம். மாலை நாலு மணிக்குள் அது டப்பாவில் புழுங்கி நசநசத்துப் போகிறது. பக்கத்தில் தோழி மொறுமொறுவென்று கடிக்கும்போது இதை யார் திறப்பார்கள்? ஆறு மணிக்கு வேலை விட்டு, பஸ் பிடித்து, ஏழு மணிக்கு வீட்டுக்கு வரும் ஒரு பெண்ணால் நாலே காலுக்குச் சூடாக என்ன கொடுக்க முடியும்? விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டும் கம்பெனிகளோடு எங்கள் டிபன் டப்பாவைப் போட்டிக்கு அனுப்பிவிட்டு, தோற்றால் அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று பேசுவது கொஞ்சம் அதிகம்.

அரசுப் பள்ளிகளை நினைத்தால் இன்னும் வயிற்றெரிச்சல். காலையில் உப்புமா, பொங்கல், மதியம் முட்டையோடு சத்துணவு. பிள்ளைகளின் தட்டைப் பற்றி 1956இலிருந்து யோசித்துவரும் மாநிலம் இது. அரசு செலவு செய்து நிரப்பிய வயிற்றை நாலு மணிக்குக் கெடுக்க ஒரு பாக்கெட் போதும் என்றால், அந்தச் செலவைப் பாதுகாக்கவாவது ஒரு கோடு போடக் கூடாதா?

தயவுசெய்து இதைப் படித்துவிட்டுத் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டக் கிளம்பிவிடாதீர்கள். சோதனை என்றாலே முதலில் தூக்கப்படுவது ஏழையின் வண்டிதான். கொய்யா, நெல்லிக்காய், அவித்த வேர்க்கடலை, தை மாதமானால் பனங்கிழங்கு என்று விற்ற பாட்டிகள் எங்கள் பள்ளி வாசலில் இருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் குளிர்பானக் கம்பெனி கொடுத்த ஃப்ரிட்ஜ் நிற்கிறது. கோட்டுக்கு உள்ளே அந்தப் பாட்டிகளுக்கு இடம் கொடுங்கள், நிழலுக்கு ஒரு குடையும் கொடுங்கள். நாலு மணிப் பசிக்கு அவர்கள்தான் சரியான ஆள்.

முடியாத காரியம் என்றும் சொல்ல வேண்டாம். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருப்பது தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது. பஞ்சுமிட்டாய் விற்பவருக்கு வக்கீல் கிடையாது, சங்கம் கிடையாது என்பதால் வேலை சுலபமாக முடிந்திருக்கலாம். பாக்கெட் கம்பெனி என்றால் மட்டும் வரைவு, கருத்துக் கேட்பு, மறுபடியும் வரைவு என்று வருடங்கள் ஓடுகின்றன. சிலி நாட்டில் 2016இலேயே பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை குத்திவிட்டார்கள். 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரியும். பாக்கெட் முகப்புக்காக நீங்கள் 2022இல் கொண்டுவந்த வரைவு விதியிலோ எச்சரிக்கைக்குப் பதிலாக, உணவு நல்லதாக இருக்க இருக்கக் கூடும் நட்சத்திரம். சிப்ஸுக்கும் அரை நட்சத்திரமாவது உண்டு! என் மகளின் கணக்கு நோட்டில்கூட தப்புக்கு நட்சத்திரம் போடுவதில்லை. போகட்டும், அது பெரிய விவகாரம், நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நான் கேட்க வந்தது அதுவல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எது 'அதிகம்' என்பதற்கு, கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு பட்டியல் வேண்டும். சட்டத்தில் உள்ள 'நிறைவுற்ற கொழுப்பு', 'சோடியம்' என்ற சொற்களை வைத்துக்கொண்டு பெட்டிக்கடை அண்ணன் என்ன செய்வார்? எந்தெந்த வகைப் பாக்கெட்டைக் கேட்டுப் பக்கம் தொங்கவிடக் கூடாது என்று படத்தோடு ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான், எடுத்துச் சொன்னால் கேட்பார். கேட்காவிட்டால் அபராதம் போட உங்களிடம் சட்டம் இருக்கிறது.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் 50 மீட்டரை அளந்து கோடு போடுங்கள். என்ன விற்கக் கூடாது, யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று தொலைபேசி எண்ணோடு தமிழில் பலகை வையுங்கள். அந்த இலவச வேன்களை நிறுத்துங்கள். அளக்க ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், பெற்றோர் நாங்கள் டேப்பும் சுண்ணாம்பும் எடுத்து வருகிறோம். உங்கள் தரப்பிலிருந்து கையெழுத்துப் போட ஒரு அதிகாரி வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா