மாவோரித் தோளும் கோய் மீனும்: உன் ஸ்கெட்ச் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாடிக்கையாளருக்குப் பச்சை குத்த நீ வரைந்து அனுப்பிய டாட்டூ ஸ்கெட்ச்சைப் பார்த்தேன். இடது தோளில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் சுருள்கள், அவை கீழே இறங்கி அலையாக மாறுகின்றன, அலைக்குள் ஜப்பானிய பாணியில் ஒரு கோய் மீன், அதாவது கெண்டை. கோடு சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் இதை இப்படியே அவர் தோலில் ஏற்றிவிடாதே. திருத்த வேண்டியவை நிறைய இருக்கின்றன, அதில் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோள் வடிவத்தை வாடிக்கையாளர் காட்டிய போன் படத்திலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாய். அந்தப் படத்தில் இருப்பவர் யார்? அவர் மாவோரியாக இருந்தால், அவர் தோளில் இருப்பது வெறும் அலங்காரமாக இருக்க வாய்ப்பில்லை. தா மோகோ என்ற மாவோரிகளின் பச்சை ஒருவருடைய வம்சாவளியின் பதிவு. வம்சாவளியை அவர்கள் ஃபகபாபா என்பார்கள். எந்தக் குலம், எந்தக் கிளை, தாய்வழி எது, தந்தைவழி எது, என்ன செய்து பெயர் எடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1840-இல் பிரிட்டிஷ் அரசோடு செய்த வைதாங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தலைவர்களில் சிலர் தங்கள் முக மோகோவின் ஒரு பகுதியையே கையொப்பமாக வரைந்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் பிரதி எடுப்பது அடுத்தவர் கையெழுத்தைப் போடுவதற்குச் சமம். உன் வாடிக்கையாளருக்கு இது தெரிந்திருக்காது. அவரிடம் எடுத்துச் சொல்வது உன் வேலை.

மாவோரி அல்லாதவர்களுக்கு, வம்சாவளி உரிமை கோராமல், அந்த வடிவ மொழியில் வரைவதற்குக் கிரிதுஹி என்று பெயர். தோலில் எழுதியது என்று பொருள். அந்தப் பெயரையே வாடிக்கையாளரிடம் சொல், "மோகோ போட்டுத் தருகிறேன்" என்று சொல்லாதே. கிரிதுஹியைக்கூட மாவோரிக் கலைஞர்தான் வரைய வேண்டும் என்று சொல்லும் மாவோரிகள் உண்டு, அதையும் மறைக்காதே. அவருக்கு வசதி இருந்தால் ஆவ்தியரோவாவிலேயே, அதாவது நியூசிலாந்திலேயே, ஒரு மாவோரிக் கலைஞரிடம் வடிவத்தை வரைந்து வாங்கிக்கொள்ளச் சொல்வதுதான் மிகச் சரியான வழி. எப்படியானாலும் முகத்தில் வேண்டாம். மோகோ கவாய் என்ற பெண்களின் மோவாய் வடிவத்தை உடம்பில் வேறெங்கும்கூட எடுத்து ஒட்டாதே.

இணையத்தில் அகராதி மாதிரி ஒரு பட்டியல் சுற்றுகிறது: இந்தச் சுருள் என்றால் வலிமை, இந்தப் பல்வரிசை என்றால் வெற்றி. அதை வைத்துக்கொண்டு மெனு கார்டு போல் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்க விடாதே. ஒரே வடிவத்துக்கு வெவ்வேறு குலங்களில் வெவ்வேறு பெயரும் பொருளும் இருக்கும். விரியாத பெரணித் தளிரான கொரு, மீன் செதிலான உனவுனஹி, நாய்த்தோல் அங்கியிலிருந்து வந்த பாகாட்டி என்று பரவலாகத் தெரிந்தவை சில உண்டு. அவற்றைப் படிப்பதில் தவறில்லை. வடிவத்தின் எலும்பு மட்டும் வாடிக்கையாளர் சொல்வதிலிருந்து வரட்டும். உடன்பிறந்தவர் எத்தனை பேர், வீட்டில் யாரை இழந்தார், வாழ்க்கை எந்த இடத்தில் திரும்பியது என்று கேள். மூன்று பிள்ளைகள் என்றால் ஒரு தண்டிலிருந்து மூன்று தளிர் கிளைக்கட்டும். அவ்வளவு எளிமையாகவே தொடங்கலாம்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். மாவோரி வடிவத்தில் கண் படிக்க வேண்டியது நீ கறுப்பாக நிரப்பும் இடத்தை அல்ல, நிரப்பாமல் விடும் தோலை. அந்த வெற்றுக் கோட்டுக்கு மனவா, அதாவது இதயம் என்று பெயர். அதுதான் பாதை, அதிலிருந்துதான் கொரு கிளைக்கிறது. நீ முதலில் கறுப்பை வரைந்து இடைவெளியை மிச்சமாக விட்டிருக்கிறாய், அதனால் மனவா சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் கிடக்கிறது. தலைகீழாகச் செய். முதலில் வெள்ளைப் பென்சிலால் கறுப்புத் தாளில் மனவாவை மட்டும் போட்டுப் பார். அது தோளிலிருந்து முழங்கை வரை தடையில்லாமல் ஓடினால், பிறகு இரண்டு பக்கமும் நிரப்பலாம். உன் ஸ்கெட்ச்சில் சில இடைவெளிகள் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கின்றன. மை தோலுக்கடியில் வருடக்கணக்கில் மெல்லப் பரவும், சில வருடத்தில் அவை மூடிக் கறுப்புத் திட்டாகிவிடும். கையில் 3 மில்லிமீட்டருக்குக் குறைக்காதே. 4 விட்டால் நிம்மதி.

அளவு எடுத்த விதமும் சரியில்லை. தட்டைத் தாளில் வரைந்ததைக் கையில் சுற்றினால் சுருள் முட்டை வடிவமாக இழுபடும். அவரை நிற்க வை, கை தளர்ந்து தொங்க, உள்ளங்கை தொடையைப் பார்க்கட்டும். சமையலறை கிளிங் ஃபிலிமைத் தோளிலிருந்து கீழே இறுக்காமல் சுற்று, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டு. மார்க்கரால் தோள் எலும்பு முனை, தோள் தசையின் உச்சி, அக்குள் மடிப்பு, முழங்கை முனை, முழங்கையின் உள்மடிப்பு, இவற்றைக் குறி. பிறகு உட்கையின் நடுவே நேராக வெட்டிப் பிரி. தோள் உருண்டை தட்டையாகப் படியாது, தையற்காரர் ரவிக்கைக்கு டார்ட் பிடிப்பதுபோல் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட வேண்டும். அதன் மேல் டிரேசிங் தாள் வைத்து வரை. பெரிய சுருளின் மையம் தசை உச்சியில் உட்கார வேண்டும், உன்னுடையது இரண்டு விரல் முன்னே தள்ளி நிற்கிறது. முன்கை வரை போவதாக இருந்தால் இன்னொன்று: உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கைத் தோல் முறுக்கிக்கொள்ளும், நேர்கோடு வளைந்துவிடும். அங்கே நேர்கோட்டை நம்பாதே.

மீனுக்கு வருவோம். கோய் மேல்நோக்கி நீந்துகிறது, நல்லது. நீரோட்டக் கோடுகளும் மேல்நோக்கியே போகின்றனவே. அருவியை எதிர்த்து ஏறுவதுதான் அந்த மீனின் கதை, ஏறி முடித்தால் டிராகன் ஆகும். தண்ணீர் அதன் கூடவே போனால் அடித்துக்கொண்டு போவதுபோல் தெரிகிறது. ஓட்டத்தைத் திருப்பு. செதில் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவாவது இருக்கட்டும், அதைவிடச் சிறிதானால் ஷேடிங் போட்டபின் வலை மாதிரி குழம்பும். மீனைச் சுற்றிச் செர்ரிப் பூவும் மேப்பிள் இலையும் ஒன்றாகத் தூவியிருக்கிறாய். ஒன்று வசந்தம், இன்னொன்று இலையுதிர் காலம். நான்கு பருவமும் வேண்டும் என்று யோசித்தே வைப்பவர்கள் உண்டு, நீ அழகுக்காக வைத்தாய். கோய்க்கு மேப்பிளே போதும். செர்ரியை வேறொரு வேலைக்கு வைத்திருந்தால் இதழ் நுனியில் பிளவு போட மறக்காதே, உருண்டையாக விட்டால் அது பிளம் பூ.

ஜப்பானிய வேலையில் அனுபவமில்லாத கையைக் காட்டிக்கொடுப்பது பின்னணி. மீனையும் பூவையும் தனித்தனியாக வரைந்துவிட்டு மிச்ச இடத்தில் மேகம் அடைப்பது வேண்டாம். காற்றும் நீரும் பாறையும் சேர்ந்த ககுபோரிதான் எல்லாவற்றையும் உடலோடு கட்டுகிறது. கறுப்பு மூன்றில் ஒரு பங்கு, சாம்பல் ஒரு பங்கு, வெறும் தோல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பார். மீன் தெரிந்தால் சரி. மாநிறத்திலும் கருநிறத்திலும் இது இன்னும் முக்கியம்: வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் ஆறியபின் மங்கும், வெறும் தோலே உன் வெளிர் நிறம். சிவப்பு நன்றாக நிற்கும், ஆனால் ஒவ்வாமை அதிகம் வருவதும் சிவப்பு மையில்தான். ஒரு சிறு புள்ளி போட்டுச் சில வாரம் கவனி. அதில் ஒன்றும் வராவிட்டாலும் பிறகு வராது என்று வாக்குக் கொடுக்காதே.

கை எங்கே முடிகிறது என்று நீ முடிவே செய்யவில்லை, தாள் முடிந்த இடத்தில் வேலையும் முடிகிறது. முழங்கைக்கு மேலே நின்றால் கோபு, முன்கையில் பாதி வரை போனால் ஷிச்சிபு. அந்த விளிம்புக்கு மிகிரி என்று பெயர். கத்தியால் வெட்டியதுபோல் நேராக முடித்தால் புக்கிரி, பியோனி இதழ்போல் வளைந்து வளைந்து முடித்தால் போதான், விடியல்போல் கரைந்து போனால் அகெபோனோ. இதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேள். அரைக்கைச் சட்டைக்கு வெளியே தெரியலாமா, வேலையில் சிக்கல் வருமா, பிறகு மார்புக்கு நீட்டும் எண்ணம் உண்டா? நீட்டுவதாக இருந்தால் தோள் பக்கம் இப்போதே திறந்து விட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இடது கைக்கு வரைந்ததை வலது கைக்குக் கணினியில் திருப்பிப் போடும் பழக்கம் உனக்கு இருக்கிறது. மீனுக்குப் பரவாயில்லை. மனித உருவத்துக்குச் செய்யாதே. கிமோனோவில் உடுத்தியவரின் இடப்பக்கம் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. ஃபுடோ மியோஓ என்ற பௌத்தக் காவல் தெய்வத்துக்கு வலக்கையில் வாள், இடக்கையில் கயிறு, திருப்பினால் இரண்டும் மாறிவிடும். எழுத்து இருந்தால் கேட்கவே வேண்டாம். ஃபுடோவையோ கருணைத் தெய்வமான கன்னோனையோ இடுப்புக்குக் கீழே கேட்டாலும் மறுத்துவிடு. இதை நம் ஊர் ஆட்களுக்கு விளக்க வேண்டியிருக்காது, முருகனைக் கணுக்காலில் கேட்க யாருக்கும் மனம் வராது.

இரண்டையும் ஒரே கையில் கலக்கலாமா என்று கேட்டிருந்தாய். என் கருத்து, வேண்டாம். மாவோரி வடிவம் வெற்றுத் தோலால் பேசுகிறது, ஜப்பானிய வேலை அந்தத் தோலைக் காற்றாலும் நீராலும் நிரப்புகிறது. சுருள் அலையாக மாறும் அந்த இடத்தில் இரண்டும் செத்துப்போகின்றன, உன் ஸ்கெட்ச்சிலேயே பார். அவருக்கு நிஜமாகவே மீன் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தைக் காட்டியபோதும் அவர் கேட்டது "தண்ணீர் மாதிரி ஓடணும்" என்றுதானே எழுதியிருந்தாய்? அப்படியானால் கையை ஜப்பானியத்துக்கே கொடு.

நேரக் கணக்கைக் குறைத்துச் சொல்லாதே. கோபு அளவுக்கு அவுட்லைன் ஒரு அமர்வு, நாலு மணி நேரம். பின்னணியும் நிறமும் சேர்த்து மொத்தம் 15 முதல் 25 மணி. அமர்வுக்கு அமர்வு மூன்று வாரமாவது ஆறட்டும். வெளிக்கோட்டுக்கு 14 ரவுண்ட் லைனர் ஊசி, உள்விவரத்துக்கு 7 அல்லது 9, பின்னணிக்குப் பெரிய வளைந்த மேக்னம் ஊசி. அக்குள் பக்கமும் உட்கையும் தோல் மெலிது, கை அழுத்தினால் மை புகைபோல் பரவி நீலம் பாரிக்கும். அங்கே ஆழத்தைக் குறைத்து, தோலை நன்றாக இழுத்துப் பிடி. தழும்பு தடித்து வளரும் உடம்பா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்.

வடிவத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சிலை ஒரே துண்டாக ஒட்டாமல் மூன்றாக வெட்டு, இணைப்பு நீர்க்கோட்டுக்குள் விழட்டும். பதினைந்து நிமிடம் காயவிடு. கண்ணாடியில் காட்டாதே, திசை மாறித் தெரியும். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அதைக் காட்டு. கையைத் தூக்கச் சொல், மடக்கச் சொல், மீனின் கண் மடிப்பில் போய் ஒளிகிறதா என்று பார். ஒளிந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டு, மூன்று முறை ஆனாலும் சரி.

புது ஸ்கெட்ச்சோடு அந்தப் போட்டோக்களையும் அனுப்பு. ஊசி எடுக்கும் முன் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்